மாமா பேருக்கு நேரே ஒரு பூஜ்யம்

எங்கள் மாமாவிடம் மணி கேட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை, கொடுத்தே இருக்கிறார். நல்லேப்பிள்ளியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது யாரோ ஒருவர் மணி கேட்டிருக்கிறார். மாமா கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். "வாட்ச்சு நல்லாருக்குதுங்களே" என்று அந்த ஆள் ஒரு வார்த்தை எச்சாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த மாமாவிடம் அத்தை கேட்டாள்:

"ஆருங்க அந்த ஆளு?"

"அதக் கேக்கலையே" என்றார் மாமா.

என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். நல்ல உயரம். சிரித்தால் பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கும். கொல்லங்கோட்டு ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதுதான் அவர்களுக்குச் சோறு. அத்தை இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுவது குழம்புச் செலவுக்கு. மாமாவுக்கு வேறு வரும்படி கிடையாது, ஆனால் பேச்சைக் கேட்டால் பாலக்காட்டுச் சீமையில் பாதி அவருடையது என்று தோன்றும். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதுக்கென்ன, நானிருக்கறனல்லோ!" என்பார். இந்த வட்டாரத்தில் அந்த வார்த்தையை நம்பாத ஆள் இல்லை, நம்பி ஏமாந்த ஆளும் இல்லை. ஏமாந்தது அத்தை ஒருத்திதான்.

ஒரு கோடையில் பக்கத்துத் தோட்டக்காரருக்கு மோட்டார் எரிந்துபோனது. உள்ளே கம்பிச்சுருளைப் புதிதாகக் கட்டி வருகிறவரைக்கும் வாழை காயுமே என்று அவர் வேலி ஓரம் நின்று புலம்பினார். புலம்பினார் என்றுதான் சொல்கிறேன், கேட்கக்கூட இல்லை. மாமா அன்றைக்கே தன் கிணற்று மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தார். அந்த வாழை குலை தள்ளியது. மாமா புதிதாக நட்டிருந்த தென்னம்பிள்ளைகள் வரிசையாகக் கருகின. அத்தை ஒவ்வொரு கன்றாகக் காட்டி ஒப்பாரி வைக்காத குறை.

"ஊருக்கெல்லாம் தண்ணி வார்த்துப்போட்டு என்ற புள்ளைகளக் கொன்னுட்டீங்களே!"

"செடிதான் புள்ளே, வேற நட்டாப் போச்சு. அவரு மூஞ்சியப் பாத்தியா நீ?"

அவருக்கு எதிராளியின் முகம் வாடினால் தாங்காது. வாடிய முகத்தைப் பார்த்து "இல்லைங்க, எங்கிட்ட இல்லை" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டுமே, அது அவரிடம் இல்லை. பாம்பைக் கையால் பிடிப்பார். பனைமரம் ஏறுவார். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவ்வளவு பயம்.

என் பெரியம்மா மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, கல்யாணம் நடந்தபோது பாயசத்துக்கு மறையூர் வெல்லம்தான் வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். "மறையூர் வெல்லமில்லாத பாயசமும் ஒரு பாயசமா?" தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு உடுமலைப்பேட்டை சுற்றிக் காடு தாண்டி மலையேறி, உருண்டை உருண்டையாக மூட்டை கட்டி வந்து இறக்கினார். பந்தல் அவர், மேளம் அவர், பொண்ணுக்குப் போட்ட ஆரம் அவர். பாயசம் அவ்வளவு ருசி. கல்யாணம் முடிந்து ஒரு மாசம் கழித்துப் போனால் வாசலில் ஜீப்பைக் காணோம்.

"ஜீப் எங்கீங்க மாமா?"

"அதுக்கும் வயசாயிருச்சு அம்மிணி. எத்தன நாளைக்கு ஓடும் பாவம்" என்று பேச்சை மாற்றினார்.

அப்பா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பெரியம்மா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் வயசாகிவிட்டது என்பதை நம்புவது வசதியாக இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. அந்த ஜீப்பை நாங்கள் எல்லாரும் சேர்ந்து பாயசத்தில் கரைத்துக் குடித்துவிட்டோம் என்று அப்போதே பட்டது. வாய்விட்டுச் சொன்னேன். "வாய மூடு" என்றாள் அம்மா.

எனக்கு வாய் நீளம்தான். அதனால்தான் மாப்பிள்ளை கிடைக்கத் தாமதம் என்று பெரியம்மா சொல்வாள். கிடைத்த மாப்பிள்ளை கொல்லங்கோட்டுக்காரர். தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுகிற வேலை. நான் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் கணக்குப் பார்க்கிறேன். நிச்சயம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லங்கோட்டில் ஒரு பேக்கரியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். முட்டை பப்ஸ், இரண்டு லைம் ஜூஸ். ஏதாவது அழகாகப் பேசுவார் என்று நான் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நம்ம கல்யாணத்துக்கு நம்மகிட்ட எத்தன இருக்குதுங்க?"

பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு வராத பிரியம் அந்தக் கேள்வியில் வந்துவிட்டது எனக்கு. எத்தனை செலவாகும் என்றுதான் உலகத்தில் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். இந்த மனுஷன் எத்தனை இருக்கிறது என்று ஆரம்பிக்கிறாரே! என் சேமிப்பைச் சொன்னேன். அவர் தன்னுடையதைச் சொன்னார். கடன் வாங்காமல், எதையும் விற்காமல் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எவ்வளவு போட முடியும் என்று அவரவர் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வருவது என்று முடிவானது. அவர் ஒரு சட்டம் போட்டார்: கல்யாணம் முடிந்த அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி இரண்டு பேர் சம்பளமும் முழுசாக நம் கையில் நிற்க வேண்டும், எந்தக் கடைக்காரனும் அதில் கை வைக்கக் கூடாது. நான் ஒரு சட்டம் போட்டேன்: மொய்ப் பணத்தை வரவில் சேர்க்கக் கூடாது. மொய் என்பது வாங்கின அன்றைக்கே கடன், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் பிரியம் அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

அப்போதெல்லாம் ஒருவரை ஒருவர் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். இப்போது அவர் மட்டும்தான் போடுகிறார்.

வீட்டுக்கு வந்து கேட்டால் அப்பா வேறு உலகத்தில் இருந்தார். பொள்ளாச்சியில் ஏசி மண்டபம். முதல்நாள் ராத்திரியும் விருந்து. வாசலில் பலகாரக் கடைபோல வகை வகையாகத் தட்டுகள். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் "குடும்பத்தோட வந்துருங்க" என்று அழைப்பு. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல்லுக்கு ஆள் கணக்கு இரண்டு மடங்காகும்.

"இத்தனைக்கும் பணம்?" என்றேன்.

"என்ற பங்கு இருக்குது. மிச்சத்துக்கு மச்சானிருக்காரல்லோ! பவுனு பூரா தாய்மாமன் சீர்ன்னு சொல்லியாச்சு. மண்டபமும் அவரு பாத்துக்கறன்னுட்டாரு."

"எத்தன பவுனுன்னு சொன்னாருங்களா?"

"அதெல்லாம் அவருகிட்டப் போய்க் கேப்பாங்களா? எத்தன வேணுமோ அத்தனையும் போடுவாரு."

எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சின்ன வயசிலிருந்தே 'அம்மிணி கல்யாணத்துக்குப் பாருங்க' என்று மாமா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். அடுத்த ஞாயிறு பேக்கரியில் உட்கார்ந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"நெம்ப நல்லதுங்க. தொகை?" என்றார்.

"எத்தன வேணுமோ அத்தன."

"அது தொகையில்லீங்களே."

போனில் எல்லாரையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். என் பேருக்கு நேரே இவ்வளவு, அவர் பேருக்கு நேரே இவ்வளவு, எங்கள் அப்பாவுக்கு, அவர் அப்பாவுக்கு. கடைசியில் 'மாமா' என்று எழுதி நேரே ஒரு பூஜ்யம் போட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்!

"எங்க மாமாவையா பூஜ்யம்ங்கறீங்க? அவரு யாருன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

"மாமாவச் சொல்லலீங்க. அவரு காசத்தான் சொல்றன். வந்தா வரட்டும். வருதுன்னு வெச்சு நாம மண்டபம் புடிக்கப் படாது."

பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கல்யாணமே வேண்டாம் என்றுகூட பஸ்ஸில் நினைத்தேன். நேரே வீட்டுக்குப் போகாமல் வழியில் மாமா ஊட்டில் இறங்கினேன். மாமா இல்லை, அத்தை மட்டும் இருந்தாள். தோசை வார்த்துத் தேங்காய்ச் சட்னியை அள்ளி அள்ளி ஊற்றினாள்.

"போதுமுங்கத்த, இத்தனை எதுக்கு?"

"தின்னு கண்ணு. இன்னும் ஒரு மாசத்துக்குத்தான் ஊட்டுத் தேங்கா. அப்பறம் கடையில எடை போட்டு வாங்கோணும்."

எனக்கு விளங்கவில்லை. "தோப்புல காயில்லீங்களா?" என்றேன்.

"காயிருக்குது. தோப்புத்தான் இருக்காது" என்றாள். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். விலை பேசியாகிவிட்டது. புதன்கிழமை அட்வான்ஸோடு வருகிறார். "உன்ற மாமன் அதுல உனக்குப் பவுனெடுத்து மண்டபம் புடிக்கறாரு. உங்கப்பன் ஊட்டுல ஆருக்கும் சொல்லப்படாதுன்னு என்ற தாலி மேல சத்தியம் வாங்கிட்டாரு. நான் உனக்குச் சொல்லலை சாமி. தேங்காயப் பத்தித்தான் சொன்னேன்."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. ஜீப் போனபோது திட்டினாள், கடிகாரம் போனபோது திட்டினாள். தோப்பு போகிறபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். வாசலுக்கு வந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "நீங்க போட்டது சரிங்க. பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கட்டும்" என்றேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. "சாப்டீங்களா?" என்றுதான் கேட்டார்.

அன்று வீட்டில் நடந்தது பெரிய சண்டை. அத்தை சத்தியத்தை நான் உடைக்க முடியாது, அதனால் தோப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பொள்ளாச்சி மண்டபம் வேண்டாம், மாமாவிடமிருந்து பவுன் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். நகைக்கடையில் மாசாமாசம் குறிச்சீட்டுக் கட்டி நானே சேர்த்தது இருக்கிறது, கழுத்துக்கும் கைக்கும் அது போதும். நம் ஊர் அம்மன் கோயில் ஹால், ஒரே வேளை இலைச் சாப்பாடு.

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க!" என்றார் அப்பா.

"அந்த நாலு பேர்த்தையும் கூப்புடாதீங்க. எலைச் செலவும் மிச்சம்" என்றேன்.

அம்மாதான் விடவில்லை. "என்ற பொறந்த ஊட்டுச் சீர வேண்டாம்னு சொல்ல நீ ஆருடி? அண்ணன் ஒண்ணும் செய்யலையான்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?" என்று அழுதாள். அவள் அழுகையில் நியாயம் இருந்தது. எங்கள் ஜனத்தில் பொண்ணு கல்யாணத்தில் அம்மாவின் மதிப்பு தாய்மாமன் தட்டில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டேதான் மறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையும் நானும் மாமா ஊட்டுக்குப் போனோம். கல்யாணத்துக்கு முன்னால் இப்படிச் சோடியாகப் போவது வழக்கமில்லை. மாமாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. "வாங்க மாப்பிள்ள, வாங்க!" என்று இளநீரை வெட்ட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வெட்டிக்கொண்டே இருந்தார். முதலில் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். எளிமையாகச் செய்கிறோம், சீருக்கு ஒரு புடவை போதும், பவுன் வேண்டாம். இவரும் "எங்க பக்கமிருந்து எதும் கேக்க மாட்டாங்க மாமா" என்று கூடவே சொன்னார். மாமா காதில் வாங்கவே இல்லை.

"உன்ற பேச்சக் கேட்டுப் பொடவ மட்டும் தூக்கிட்டு வருவனா நானு? அம்மிணி, நானிருக்கறனல்லோ!"

இவர் என்னைப் பார்த்தார். எங்கள் திட்டத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. கெஞ்சினாலும் மறுத்தாலும் அந்த மனுஷனிடம் நடக்காது. அவரிடம் நடப்பது ஒன்றுதான், கேட்பது. கேட்டுவிட்டேன்.

"மாமா, கல்யாணத்துக்கு எனக்கு ஒண்ணு வேணுங்க. தருவீங்களா?"

அவர் முகம் அப்படி மலர்ந்தது. அரிவாளைக் கீழே போட்டார். "கேளு சாமி! இத்தன நாளா வேண்டாம் வேண்டாம்னே, இப்பவாச்சும் கேட்டியே. என்ன வேணும் சொல்லு, குடுத்தேன்."

"குடுத்தேன்னு சொல்லிட்டீங்க."

"சொல்லிட்டேன்."

"நாளைக்கு வர்ற பொள்ளாச்சிக்காரருக்குப் போன் போட்டு, தோப்பு இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு முன்னாலயே சொல்லோணும். அதுதான் எனக்கு வேணும்."

மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

"வாக்குக் குடுத்துட்டனே அம்மிணி" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"எனக்கும் இப்பத்தானுங்க வாக்குக் குடுத்தீங்க."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தோளில் போட்டார், மறுபடி எடுத்துத் துடைத்தார். பிறகு போனை எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் "சௌக்கியமுங்களா, ஊட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா" என்று அரை மணி நேரத்துக்கு இழுத்தார். மழை பெய்ததா என்று விசாரித்தார். அப்புறம், "புதங்கெழமை வேண்டாமுங்க, அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்றார். நான் கூடாது என்று தலையை ஆட்டினேன். "இல்லீங்க, அடுத்த மாசம்" என்றார். மறுபடி ஆட்டினேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லீங்க. தோப்புக் குடுக்கறதுக்கில்லீங்க."

போனை வைத்ததும் அத்தை தவிட்டுக் கையோடு உள்ளே போய்விட்டாள். உள்ளே அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. மாமா வெட்டி வைத்த இளநீரை எங்கள் கையில் கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை. போகும்போது வழக்கமாக ரோடு வரைக்கும் வருவார், அன்றைக்கு வரவில்லை.

மாமன் பவுன் இல்லை என்றானதும் அப்பா பொள்ளாச்சி மண்டபப் பேச்சை விட்டார். கல்யாணம் நாங்கள் நினைத்தபடியே நடந்தது. அம்மன் கோயில் ஹால் நிறைய ஜனம். "ஊட்டுக்கு ரெண்டு பேரு வந்துருங்க" என்று கூச்சப்படாமல் சொல்லித்தான் அழைத்திருந்தோம். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். வந்தவர்கள் வயிறார உண்டார்கள். பந்தியில் ஒரு இலை பாழாகவில்லை, கடைசிப் பந்திக்கும் சாம்பார் சூடாக இருந்தது. டிரோன் கேமரா பறக்கவில்லை, என் தலைமுடியாவது கலையாமல் இருந்தது.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பொண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் மாமன் சீர்த் தட்டைச் சபை நடுவில் வைப்பார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கென்றே ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பெரிசு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். எங்கள் கல்யாணத்துப் பெரிசுக்கு நல்ல கணீர்க் குரல்.

"தாய்மாமன் சீர் எத்தன பவுனுங்க?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இதுதான் சமயம், மாமா ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார், அடுத்த வாரம் போடுகிறேன், அடுத்த மாசம் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுவார், திரும்பவும் தோப்புக்கு ஆள் வருவார்கள் என்று நான் மணவறையில் இருந்தபடி அவர் வாயையே பார்த்தேன்.

"பொடவ, தேங்கா, பழமுங்க" என்றார் மாமா. "பவுனு இல்லீங்க."

"இல்லீங்களா?"

"இல்லீங்க."

தலையை நிமிர்த்தித்தான் சொன்னார். குரல் கம்மவில்லை. தோப்பு விற்பதற்கில்லை என்று எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்குத் தெரிந்து அந்த ஹாலில் அவ்வளவு பெரிய சீர் யாரும் யாருக்கும் செய்ததில்லை. பிறகு கிட்டே வந்து பட்டத்தைக் கட்டினார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. மேடையை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, கை நனைக்காமல் போய்விட்டார். தாய்மாமன் சாப்பிடாமல் போன கல்யாணம் என்று ஊரே பேசியது. அத்தை மட்டும் முதல் பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

மாமா ஊட்டு விருந்துக்குப் புதுச்சோடியாகப் போனோம். அத்தைதான் பரிமாறினாள். நாங்கள் கிளம்புகிறவரைக்கும் மாமா தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்துகொண்டிருந்த நாள் அது. "அம்மிணி என்னைய சபையில அம்மணமா நிறுத்திட்டா" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. மூன்று வருஷமாகிறது. பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் நிற்பார். நான் ஜன்னலில் கையைத் தூக்குவேன். அவர் தென்னையைப் பார்ப்பார்.

எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது புளுகு. அவரைப்போல என்னை அம்மிணி என்று கூப்பிட ஆள் இல்லை. ஆனால் செய்ததில் எனக்குச் சந்தேகமும் இல்லை. கல்யாணம் முடிந்த அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி எங்கள் இரண்டு பேர் சம்பளமும் முழுசாக எங்கள் கையில் நின்றது. அப்பா வட்டிக்குப் போகவில்லை. அத்தை கடையில் தேங்காய் வாங்கவில்லை. நாளைக்கே மறுபடியும் கல்யாணம் வைத்தாலும் இதையேதான் செய்வேன்.

மாமா ஒன்றும் மாறிவிடவில்லை. போன மாசம்கூட யாருக்கோ மண்வெட்டியையும் கடப்பாரையையும் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். அத்தை காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும்போது இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். போன வாரம் வந்தவள் பால் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நேத்து ஒருத்தரு வந்தாரு கண்ணு. தோப்புக் கேட்டு. அந்தப் பொள்ளாச்சிக்காரரு சொன்னத விடவும் எச்சு வெலை. மகளுக்குக் கல்யாணமாம், எடம் வாங்கிக் குடுக்கோணுமாம், நெம்பக் கெஞ்சறாரு. மூஞ்சி வேற அப்பிடி வாடிக் கெடக்குது. முடிஞ்சுதுன்னே நெனச்சுட்டேன்."

"மாமா என்ன சொன்னாருங்க?"

"'அது என்ற அம்மிணிக்கே குடுக்காத தோப்புங்க. உங்களுக்கு எப்பிடிங்க குடுக்கறது?'ன்னாரு."